பெயர் மாறிய கணினி, நின்றுபோன எடைமேடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதி வருகிறேன். பிசானப் பருவ நெல் அறுவடை நேரத்தில் எங்களுக்கு நேர்ந்ததை, கடை, மில், மண்டி வைத்திருப்பவர்களும் கணினி சர்வீஸ் செய்யும் தம்பிமாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களிடம் மூன்று கணினிகள். டேலி என்ற கணக்கு மென்பொருளில் எழுதும் கணக்கு முழுவதும் ஆபீஸ் கணினியில் இருக்கிறது; சீட்டு அடிக்கும் எப்சன் பிரிண்டரும் அதில்தான் மாட்டியிருக்கிறது. எடைமேடை அறையில் ஒன்று, குடோனில் ஒன்று. இரண்டும் நெட்வொர்க் வழியாக ஆபீஸ் கணினியை நம்பித்தான் ஓடுகின்றன. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சர்வீஸுக்கு வந்தவர், ஆபீஸ் கணினியின் பெயர் ‘டெஸ்க்டாப்’ என்று தொடங்கி, எழுத்தும் எண்ணும் கலந்து புரியாமல் கிடக்கிறதே என்று ஆலையின் பெயரையே அதற்கு வைத்தார். ரீஸ்டார்ட் செய்தார். டேலி திறந்தது, பிரிண்ட் வந்தது, கூலி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

திங்கட்கிழமை காலையில் முதல் டிராக்டர் எடைமேடையில் ஏறியது. எடைமேடைக் கணினியில், ஆபீஸ் கணினியின் ஃபோல்டரைக் காட்டும் இசட் டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. டேலி திறக்கவில்லை. பிரிண்டர் மங்கிப்போய் நின்றது. கேபிளைக் கழற்றி மாட்டினோம், ரூட்டரை அணைத்துப் போட்டோம். போனில் கேட்டதற்கு, கணினிகளின் வயர்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் போயிருக்கும், புதுசு வாங்குங்கள் என்றார் ஒருவர். வெளியே ஐந்து டிராக்டர் சேர்ந்துவிட்டது. விடியலில் வீட்டை விட்டு வந்த சம்சாரிகள் (விவசாயிகள்) நிழலில்லாமல் நிற்கிறார்கள்.

பிரிண்டர் படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைத் தற்செயலாகப் படித்தேன். எப்சன் என்பதோடு ஆபீஸ் கணினியின் பழைய பெயர் அப்படியே இருந்தது. உடனே நெட்வொர்க்கில் ஆபீஸ் கணினியின் முகவரியான ஐ.பி. எண்ணுக்கு, பதில் வருகிறதா என்று பார்க்கும் ‘பிங்’ கட்டளை கொடுத்தேன்; பதில் வந்தது. பழைய பெயருக்குக் கொடுத்தேன்; வரவில்லை. புதுப் பெயருக்கு வந்தது. வயரிலும் ஸ்விட்சிலும் ஒரு குறையும் இல்லை.

எங்கள் ஊர் ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.எஸ்.டி. 16 நெல்லை எங்கள் சம்சாரிகள் அம்பை 16 என்பார்கள். சீட்டில் எப்படி எழுதினாலும் இரண்டும் ஒன்று என்று எங்களுக்குத் தெரியும். கணினிக்கு அது தெரியாது. யாரும் போய்ச் சொல்லும்வரை பழைய பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

டிராக்டர்கள் நிற்கும்போது ஒவ்வொன்றாகச் சரிசெய்ய நேரம் ஏது? பிரிண்டரில் இருந்த பழைய பெயரைப் பார்த்து எழுதி, ஆபீஸ் கணினிக்கு அதையே திரும்ப வைத்து ரீஸ்டார்ட் செய்தேன். பத்து நிமிடத்தில் எடை போட ஆரம்பித்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிதானமாக உட்கார்ந்து பெயரை மாற்றினேன். இரண்டு கணினியிலும் இசட் டிரைவை நீக்கிப் புதுப் பெயரில் சேர்த்தேன். பிரிண்டரையும் அப்படியே. பாஸ்வேர்டை மறுபடி கேட்டது. சேமித்து வைத்திருந்தது பழைய பெயரின் பேரில் அல்லவா! குடோன் கணினியின் முகப்பில் இருந்த ஷார்ட்கட் ஒன்றிலும் பழைய பெயர் ஒளிந்திருந்தது, அதைக் கண்டுபிடிக்கத்தான் வெகுநேரம் ஆனது. இன்னொன்று, பெயர் 15 எழுத்துக்குள் இருக்கட்டும். விண்டோஸ் நெட்வொர்க்கில் பழைய முறையிலான பெயருக்கு அவ்வளவுதான் இடம், மிச்சம் வெட்டுப்பட்டுப் போகும்.

சர்வீஸுக்குப் போகும் தம்பிமாரை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெயர் மாற்றிய கணினியில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அதை நம்பி எழுந்துவிடாதீர்கள். அதோடு இணைந்த ஒவ்வொரு கணினிக்கும் நடந்து போய், ஒரு ஃபைலைத் திறந்து, ஒரு சீட்டு அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மாற்றுவதற்கு முன்னால் பழைய பெயரைத் தாளில் எழுதி உரிமையாளர் கையில் கொடுங்கள். அறுவடை நாளில், கடை திறந்திருக்கும் நேரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

எங்கள் ஆபீஸ் கணினியின் மேல் பழைய பெயர், புதுப் பெயர், மாற்றிய தேதி மூன்றையும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரிசி ஆலைக் கணக்கர்,
அம்பாசமுத்திரம்.