பேரம் பேசாத ஆட்டத்தில் எதிராளி எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பிதழில் போர்டு கேம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'சண்டை வராத விளையாட்டுகள்' என்று அதில் பரிந்துரைத்தவை பெரும்பாலும் அவரவர் பலகையில் அவரவர் காய் அடுக்கும் ரகம். நாலு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து பரீட்சை எழுதுவது போல. எதிரில் இருப்பவர் எழுந்து போனாலும் என் ஆட்டம் மாறாது என்றால், அவரை எதற்குக் கூப்பிட வேண்டும்?

எங்கள் வீட்டில் அடிக்கடி விரிவது 1995-இல் கிளாஸ் டாய்பர் உருவாக்கி வெளிவந்த 'கட்டான்'. செங்கல், கம்பளி போன்ற பண்ட அட்டைகளைச் சேர்த்து வீடும் சாலையும் கட்டும் ஆட்டம் அது. யார் முறையோ அவரோடு மட்டும்தான் மற்றவர்கள் பண்டம் மாற்றலாம். அதனால் அடுத்தவர் முறையிலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். பகடையில் ஏழு விழுந்தால், உருட்டியவர் 'திருடன்' என்ற காயை ஒரு நிலத்தில் வைத்து அதன் விளைச்சலை முடக்கலாம். அதை ஒட்டி வீடு கட்டியவரிடம் ஓர் அட்டையையும் உருவலாம். ஏழு விழுந்தால் என் அண்ணி உடனே நகர்த்திவிட மாட்டார். திருடனைக் கையில் பிடித்தபடி, "தம்பி, அப்புறம் எனக்கு ஒரு செங்கல் தருவீங்கன்னா இவனை அந்தப் பக்கம் அனுப்பிடறேன்" என்பார். இந்த வாக்கைக் காப்பாற்றச் சொல்லி எந்த விதியும் இல்லை. ஆனால் ஏமாற்றியவருக்கு அன்று முழுக்க ஒருவரும் ஒரு கம்பளிகூடத் தர மாட்டார்கள்.

ஆட்டத்தில் ஒருவரை ஒருவர் சீண்டுவதால் சண்டை வருகிறது என்கிறார் கட்டுரையாளர். நான் பார்த்தவரை, பாதியில் திவாலாகி வெளியேறியவர் மற்றவர்கள் முடிக்கும்வரை கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் மனக்கசப்புக்குக் காரணம். மோனோபோலியில் நடப்பது அதுதான். அதிலும், வந்து நின்றவர் வாங்காத மனையை வங்கி அப்போதே ஏலம் விட வேண்டும் என்று விதி இருக்கிறது. பல வீடுகளில் அதை யாரும் படித்ததே இல்லை. மனைகள் விலைபோகாமல் கிடக்கின்றன, ஆட்டம் நள்ளிரவு வரை இழுக்கிறது, பழி போட்டியின் மேல் விழுகிறது.

சின்னவர்களோடு ஆட, உவே ரோசன்பர்க்கின் 'போனான்சா' (1997) நல்ல தேர்வு. அவரைப் பயிர் நடும் சீட்டாட்டம் இது. கையிலுள்ள பயிர் அட்டைகளின் வரிசையை மாற்றக் கூடாது. தன் முறையில் முதல் அட்டையை நட்டே தீர வேண்டும். வேண்டாத அட்டை முன்னால் வருவதற்குள் அதை யார் தலையிலாவது கட்டியாக வேண்டும், சும்மாவாவது. யாருக்கு எது தேவை என்று என் அண்ணன் மகள் எல்லோர் வயலையும் நோட்டம் விடுவதைப் பார்க்க வேண்டுமே!

எல்லாம் எல்லோருக்கும் ஆகாது என்பதும் உண்மை. 1959-இல் வந்த 'டிப்ளமசி'யில் பகடையே கிடையாது. ஏழு பேர் தனித்தனியாகக் கூடிப் பேசி, தங்கள் படைகளுக்கான உத்தரவுகளை எழுதி, ஒரே நேரத்தில் வெளியிடுவார்கள். கூட்டாளியின் முதுகில் குத்தாமல் ஜெயிப்பது கஷ்டம். உறவினர்களோடு அதை நான் ஆடுவதில்லை. பேர ஆட்டங்களின் இன்னொரு குறை, இனி ஜெயிக்க வழியில்லாதவர் யாரை ஜெயிக்க வைப்பது என்று தீர்மானித்துவிடுவது. ஆட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்தால் அது பெரிதாக உறுத்தாது, அடுத்த ஆட்டத்தில் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம்.

இனி விளையாட்டுகளைப் பரிந்துரைக்கும்போது வயது, நேரம், ஆள் கணக்கோடு, பேரமோ ஏலமோ உண்டா, பாதியில் யாராவது வெளியேற நேருமா என்பதையும் குறிப்பிட்டால் வாங்குபவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்