தீ வருமுன்னே கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும்,

நாங்கள் வீடு திரும்பிவிட்டோம். எல்லோரும் நலம். காட்டுத்தீயை எதிர்த்து இரவு பகலாக நின்றவர்களுக்கு எப்படி நன்றி சொன்னாலும் போதாது. தீ வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே எங்களைத் தயார்படுத்தியவர்களுக்கும் இங்கே நன்றி சொல்லியாக வேண்டும்.

கோடைக்கு முன்பே வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்த தீயணைப்பு நிலையத்தாரே, காற்றில் பறந்துவரும் தீக்கங்குகள் கிலோமீட்டர் கணக்கில் முன்னால் போய் விழும் என்பது நீங்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் எரியக்கூடிய எதுவும் வேண்டாம் என்றீர்கள். சொன்னதோடு நிற்காமல் விறகு அடுக்கை நீங்களே நகர்த்திக் கொடுத்தீர்கள். கூரை ஓரத்தில் அடைந்திருந்த சருகையும் அன்றே அள்ளிவிட்டோம்.

எதிர்வீட்டு அக்கா, புகை மணம் வந்துவிட்டால் எதுவும் ஞாபகம் வராது என்று சொல்லி எங்களை உட்காரவைத்து எழுதவைத்தீர்களே, அந்தத் தாள்தான் அன்று எங்களை நடத்தியது. அம்மாவின் மாத்திரை, மூக்குக்கண்ணாடி, பத்திரங்கள், சார்ஜர், என்95 முகக்கவசம் எல்லாம் வாசலருகே ஒரே பையில் இருந்தன. நைலான் துணி சூட்டில் உருகித் தோலில் ஒட்டும், பருத்தியில் முழுக்கை போடுங்கள் என்றதையும் மறக்கவில்லை. காரை எப்போதும் தெருவைப் பார்த்து நிறுத்தச் சொன்னதும் நீங்கள்தான்.

அப்புறம், பக்கத்து வீட்டுத் தம்பி. மின்சாரம் போனால் கார் ஷெட்டின் தானியங்கிக் கதவு திறக்காது என்பதை நாங்கள் யோசித்ததே இல்லை. மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து, கதவைக் கையால் தூக்கும் விதத்தை என் மகளைச் செய்யவைத்தே காட்டினாய். அன்று மின்சாரம் போனபோது கதவைத் திறந்தவள் அவள்தான். உனக்கு எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது.

கிளம்பும்போது ஜன்னல்களைச் சாத்தி, கேஸை மூடி, புகையில் வீடு தெரியட்டும் என்று விளக்குகளைப் போட்டுவைத்தோம். தோட்டக் குழாய்களையும் அடைத்தோம். திறந்து விட்டுப் போனால் தீயணைப்பு வண்டிகளுக்குத் தண்ணீர் அழுத்தம் குறைந்துவிடும். தயவுசெய்து இதை எல்லோரிடமும் சொல்லுங்கள்.

முகாமில் எங்கள் பூனைக்குக் கூண்டு தந்த அம்மா, உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. கூண்டைக் கழுவி வைத்திருக்கிறோம். எங்கே கொண்டுவந்து தரட்டும் என்று சொல்லுங்கள்.

மிக்க நன்றியுடன்,
உங்கள் அண்டைவீட்டார்