பூண்டு தின்றால் விஷம் ஏறாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பூச்சிமருந்து விஷத்தைப் பூண்டுச் சாறு முறிக்கும் என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த துணுக்கை எங்கள் பூம்பாறை டீக்கடையில் வெட்டி ஒட்டியே வைத்துவிட்டார்கள். ஒட்டாமல் இருப்பார்களா? 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு விளைகிற மண் இது. எனக்கும் பெருமைதான்.

ஆனால் அன்றிலிருந்து என் மச்சானுக்கு ஒரு புதுப் பழக்கம். உருளைக்கிழங்குக்கு மருந்தடிக்கப் போகும் முன் இரண்டு பல் பூண்டை வாயில் போட்டு மெல்லுகிறார். அப்புறம் வழக்கம்போல வாளியில் மருந்தை ஊற்றி, முழங்கை வரை வெறுங்கையை விட்டுக் கலக்குகிறார். கேட்டால், "அதான் பேப்பர்லயே போட்டிருக்கே மாப்ளே" என்கிறார். அவர் மெல்லும் பூண்டே இலைப்பேனுக்காக மருந்து குடித்து வளர்ந்ததுதான், அது வேறு கதை.

துணுக்கில் விட்டுப்போனது இதுதான்: பூண்டுச் சாறு விஷத்தை முறிக்கிறதா என்று பார்த்த சோதனைகளில் பெரும்பாலானவை எலிகளுக்குச் செய்தவை. குளோர்பைரிபாஸ், சைபர்மெத்ரின் போன்ற பூச்சிமருந்தோடு பூண்டுச் சாற்றையும் அளந்து நாள்கணக்கில் கொடுத்தபோது ஈரல் கெடுவது குறைந்திருக்கிறது. பூண்டின் கந்தகச் சத்து, விஷத்தைச் சமாளிக்க உடம்பிலேயே இருக்கும் குளுட்டதயோன் என்ற பொருள் தீர்ந்துபோகாமல் காக்கிறது என்கிறார்கள். நல்ல சேதிதான், மறுக்கவில்லை. ஆனால் எந்த எலியும் டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு எதிர்க்காற்றில் நடக்கவில்லையே!

குளோர்பைரிபாஸ் வகை மருந்து தோல் வழியாகவே உள்ளே இறங்கும். இறங்கினால் நரம்புகளுக்கு வேண்டிய கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைக் கட்டிப்போட்டுவிடும். போன ஐப்பசியில் பக்கத்துக் காட்டுக்காரரை அந்த நிலையில் பார்த்தேன். அந்தக் குளிரிலும் சட்டை நனைய வியர்வை, வாயோரம் எச்சில், கண்மணி கடுகளவு. மலைப்பாதையில் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எங்களுக்கே உயிர் போய் வந்தது. அங்கே போட்ட அட்ரோபின் ஊசிதான் ஆளை மீட்டது. அவர் வீட்டுப் பரணிலும் புகை காட்டிய பூண்டு கொத்துக்கொத்தாகத் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஆகவே ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். மருந்து டப்பாவில் முக்கோணம் சிவப்பாக இருந்தால் கொடிய விஷம், அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று விஷம் குறைந்துகொண்டே வரும். மேலே பட்டால் உடனே உடுப்பைக் கழற்றிவிட்டு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தலை சுற்றினால் டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். துணுக்கு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வரட்டும். டீக்கடையில் நானே ஒட்டுகிறேன், பசை என் செலவு.

இப்படிக்கு,
ஒரு பூண்டு விவசாயி,
பூம்பாறை, கொடைக்கானல் வட்டம்.