அம்மாவின் கண்ணுக்காக ஓடியவர்களுக்கு

முதல் நன்றி, வெள்ளவத்தை காலி வீதியில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் தங்கச்சிக்கு. புதுக் கண்ணாடி போடத்தான் அம்மாவை உங்களிடம் கூட்டி வந்தோம். ஒரு கண்ணாடியை விற்று அனுப்பியிருந்தால் யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், "தைக்கேக்க அளவு நாடா நடுவிலே நெளியுது பிள்ளை, சீலைக் கரையும் வளைஞ்சு தெரியுது" என்று அம்மா சொன்னதும் நீங்கள் எழுத்துப் பலகையை விட்டுவிட்டீர்கள். லாச்சியைத் திறந்து, சதுரக் கட்டம் போட்டு நடுவில் கறுப்புப் புள்ளி வைத்த அட்டை ஒன்றை எடுத்தீர்கள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு புள்ளியை மட்டும் பார்க்கச் சொன்னீர்கள். வலது கண்ணுக்குக் கோடெல்லாம் நேராகவே இருந்தது. இடது கண்ணுக்கு, புள்ளியைச் சுற்றியிருந்த கோடுகள் உள்ளே இழுபட்டுப் போயிருந்தன. எப்படி என்று அம்மா மேசையில் விரலால் வரைந்தே காட்டினார்.

"இது கண்ணாடியாலே சரிவராது அன்ரி. தள்ளிப் போடாம விழித்திரை டொக்டரிட்ட காட்டுங்கோ" என்று சொல்லிக் கடிதமும் எழுதித் தந்தீர்கள். காசு வாங்கவில்லை. வெண்படல ஒப்பரேஷன் முன்பே செய்தாயிற்று, இனி வயசுக்கு இவ்வளவுதான் தெரியும் என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. அவசரம் என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.

அடுத்து, லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்திலுள்ள தேசிய கண் வைத்தியசாலையின் விழித்திரைப் பிரிவு டொக்டருக்கு. வெளியே அவ்வளவு சனம் காத்திருந்தும், ஸ்கேன் படத்தை அம்மாவின் பக்கம் திருப்பி வைத்து விளக்கினீர்கள். விழித்திரையின் நடுவில், நாம் வாசிக்கவும் முகம் பார்க்கவும் உதவும் இடம் மக்யுலா. அது தட்டையாக, நடுவில் சின்னப் பள்ளத்தோடு இருக்கவேண்டும். அம்மாவின் படத்தில் அது ரொட்டி உப்பினது மாதிரி எழும்பி நின்றது. விழித்திரைக்கு அடியில் தேவையில்லாத புது இரத்தக்குழாய்கள் முளைத்து நீர் கசிகிறது, வயதோடு வரும் மக்யுலா நோயின் ஈர வகை இது என்றீர்கள். உலர் வகைதான் பெரும்பாலானவர்களுக்கு வருவது; அது வருடக் கணக்கில் மெல்ல மெல்லப் பார்வையைக் குறைக்கும். ஈர வகை சில கிழமைகளிலேயே நடுப்பார்வையை அழித்துவிடக் கூடியது. கசிவு நின்ற பிறகு அடியில் தழும்பு விழுந்துவிட்டால் போன பார்வை திரும்பாது. அதனால்தான் அந்தத் தங்கச்சியின் அவசரத்தை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன்.

கண்ணுக்குள் ஊசி என்றதும் அம்மாவுக்கு நடுக்கம் பிடித்தது. அப்போது கையைப் பிடித்த தாதி மிஸ்ஸுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? டொக்டர் சிங்களத்தில் சொன்னதையெல்லாம் நீங்கள் தமிழில், அம்மாவுக்கு விளங்கும்படி சொன்னீர்கள். பெவாசிசுமாப் என்ற அந்த மருந்து முதலில் குடல் புற்றுநோய்க்காக வந்தது, புது இரத்தக்குழாய்களை வளர்க்கும் புரதத்தை அது தடுக்கிறது, அதனால் மிகச் சிறிய அளவில் கண்ணுக்கும் போடுகிறார்கள் என்பதைக் கையெழுத்து வாங்கும் முன்பே சொல்லிவிட்டீர்கள். எனக்கு அது பெரிய நிம்மதி. மரக்கச் செய்யும் துளிகள், மண்ணிற அயடீன் கழுவல், இமையைப் பிடிக்கும் கம்பி, வெள்ளை விழி வழியாக ஊசி. ஊசி சில விநாடிதான். கறுப்புக் குமிழ் மிதந்தால் பயப்படவேண்டாம், ஓரிரு நாளில் போய்விடும். ஆனால் நோவு கூடினாலோ, கண் மேலும் சிவந்து பார்வை மங்கினாலோ நடுச்சாமம் என்றாலும் வாருங்கள் என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினீர்கள்.

மாதம் ஒன்றாக முதல் மூன்று ஊசி போட்டு முடிய, படத்தில் அந்த வீக்கம் வற்றியிருந்தது. நாடாவின் இலக்கங்களை அம்மா மறுபடி வாசிக்கிறார். பார்வை முழுதாக முன்போல் ஆகவில்லை, கோடுகளில் கொஞ்சம் நெளிவு மிச்சம் இருக்கிறது. ஊசியும் முடிந்துவிடவில்லை, ஸ்கேனைப் பார்த்துப் பார்த்து இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். வலது கண்ணிலும் உலர் வகையின் மஞ்சள் படிவுகள் இருக்கின்றன. கட்டம் போட்ட அந்த அட்டை இப்போது எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்ப்பது அம்மாவின் காலை வேலைகளில் ஒன்று.

ஆட்டோத் தம்பி, கண்மணியை விரிக்கும் மருந்து விட்ட நாட்களில் வெயிலில் கண் கூசும் என்று வாசல்வரை குடை கொண்டு வந்தீர்கள். அம்மா உங்களை மகன் என்றுதான் சொல்கிறார். வீட்டுக்குள் சிகரெட் பிடிப்பதை டொக்டரின் ஒரு சொல்லோடு நிறுத்திய மாமாவுக்கும் நன்றி. புகை இந்த நோய்க்குப் பெரிய எதிரி, அவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. மாடிவீட்டு அக்கா, ஹூக் வைக்கிற வேலையெல்லாம் உங்கள் கையால்தான் முடிந்தது.

கடைசியாக, அம்மாவிடம் பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டு மாதக் கணக்கில் பொறுத்திருந்தவர்களே, ஒருவர்கூடத் துணியைத் திருப்பிக் கேட்கவில்லை. "அவசரமில்லை, கண்ணைப் பாருங்கோ" என்றீர்கள். அம்மா மெஷினில் மறுபடி இருந்துவிட்டார். தீபாவளித் துணிகளைக் கொஞ்சம் முன்கூட்டியே தாருங்கள். ஊசி போடும் கிழமையில் அவரைத் தைக்க விடமாட்டேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து, தையல்கார அம்மாவின் மகள்