கையெழுத்துக்கு முந்தின நாள் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் சட்டக் கேள்வி பதில் பகுதியை வாரம் தவறாமல் படிக்கிறவள் நான். வழக்கறிஞர்கள் பொறுமையாகத்தான் பதில் எழுதுகிறார்கள். ஆனால் வருகிற கேள்விகளைப் பாருங்கள். "கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனி என்ன செய்யலாம்?" என்பதையே ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்கிறார்கள். போடுவதற்கு முந்தின நாள் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அந்த முந்தின நாளுக்காகவும் ஒரு பகுதி வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

26 வருடம் ஒரு நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் டைப்பிஸ்டாக இருந்தேன். புதிதாகச் சேர வருகிறவர்கள் முன்னால் ஒரு கட்டுத் தாளை வைப்பது என் வேலை. நியமன உத்தரவு, விதிமுறைகள், சம்பளப் பிடித்தங்களுக்கான ஒப்புதல், கடைசியாக ஒரு ராஜினாமா கடிதம். ஆமாம், சேரும் நாளிலேயே ராஜினாமா. "சொந்தக் காரணங்களால் விலகிக்கொள்கிறேன்" என்று நானே டைப் அடித்து வைத்திருப்பேன். தேதி போடும் இடம் மட்டும் காலியாக இருக்கும். கையெழுத்து வர வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பேன். வேலை கிடைத்த சந்தோஷத்தில் எல்லாரும் குறியைப் பார்த்துப் போட்டுக்கொண்டே போவார்கள்.

ஒரே ஒரு பெண் நிறுத்தினாள். "இதுல தேதி இல்லையேக்கா?" என்றாள். "எல்லாரும் போடுறதுதாம்மா" என்றேன். போட்டுவிட்டாள். இரண்டு வருடம் கழித்துப் பிரசவ விடுப்பில் இருந்தபோது அவளுடைய தாள் பீரோவிலிருந்து வெளியே வந்தது. கையெழுத்து நீல மை, தேதி கறுப்பு மை. "உங்கள் ராஜினாமா ஏற்கப்பட்டது" என்ற கடிதத்தையும் நான்தான் டைப் அடித்தேன். அந்த இரண்டு மைகளும் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அன்றைக்கு அவள் கையெழுத்துக்குக் கீழே அன்றைய தேதியைத் தன் கையால் எழுதியிருந்தால் போதும். சேர்ந்த நாளிலேயே ராஜினாமா செய்தவர் அதன் பிறகு இரண்டு வருடம் எப்படிச் சம்பளம் வாங்கினார் என்ற கேள்வி வந்திருக்கும். அந்தத் தாள் எதற்கும் உதவியிருக்காது.

முதலாளிகள் இதை ஏன் வாங்கி வைக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒன்று உண்டு, எண் 158. ஒருவரை வேலையிலிருந்து நீக்கத் தகுந்த காரணம் வேண்டும், நடத்தை சரியில்லை என்றால் முதலில் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது அது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. ஆனாலும் இதே மாதிரியான பாதுகாப்பு பல நாடுகளின் சொந்தச் சட்டங்களில் இருக்கிறது. இதெல்லாம் நீக்கப்பட்டவருக்குத்தான். "நானே விலகுகிறேன்" என்ற ஒரு வரி கைக்கு வந்துவிட்டால் நீக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது. அது கட்டாயத்தில் எழுதியது என்று நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தலையில் விழுகிறது.

அலுவலகத்தில் மட்டுமா இப்படி? என் கணவர் நண்பர் ஒருவரின் கடன் தாளில் "சும்மா சாட்சிக்குத்தான்" என்ற பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டார். அது ஜாமீன் கையெழுத்து. வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கடன் வாங்கியவரைத் துரத்தாமல் நேரே ஜாமீன்தாரரிடமே வசூலிக்கப் பல நாடுகளின் சட்டம் இடம் கொடுக்கிறது. படிக்காமல் போட்டேன் என்ற வாதமும் லேசில் எடுபடாது. இங்கிலாந்தில் 78 வயது மூதாட்டி ஒருவர், மூக்குக்கண்ணாடி உடைந்திருந்ததால், மற்றவர் சொன்னதை நம்பி வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். தன் உறவுக்காரப் பிள்ளை ஒருவருக்கு வீட்டைக் கொடுப்பதாக நினைத்தார். பத்திரமோ வேறொருவருக்கு விற்றதாகச் சொன்னது. வழக்கு அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்ற அமர்வு வரை போய், 1970இல் பத்திரம் செல்லும் என்றே தீர்ப்பானது. கண்ணாடி உடைந்திருந்தால் இன்னொரு நாள் போடுகிறேன் என்று சொல்லலாம். சொல்லத்தான் நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

முதலாளிகளுக்கும் இந்தப் பகுதி தேவை. எனக்குத் தெரிந்த சிறு தொழில்காரர் ஒருவர், உண்மையிலேயே தப்பு செய்த ஒருவரை போனில் "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மெமோ இல்லை, விளக்கம் கேட்கவில்லை. கடைசியில் நஷ்டஈடு கொடுத்துத்தான் வெளியே வர முடிந்தது. எதிலும் ஒரு கடிதம், ஒரு நகல் என்ற பழக்கம் இருந்திருந்தால் அவரே தப்பித்திருப்பார்.

அப்புறம், மெமோ கொடுத்தால் வாங்க மறுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்கினால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று பயம். வாங்குவது வேறு, ஏற்பது வேறு. "பெற்றுக்கொண்டேன், இதில் உள்ளதை ஏற்கவில்லை" என்று எழுதி, தேதி போட்டு வாங்கலாம். பதில் தரும் கெடு அன்றிலிருந்தே ஓடத் தொடங்கலாம் என்பதால் தபாலில் வந்தால் உறையையும் சேர்த்து வைக்க வேண்டும். வாயால் பேசி முடித்த விஷயத்தை அன்று மாலையே "இன்று நாம் பேசியபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சலில் போட்டுவிட்டால் பின்னால் பெரிய துணை.

இவற்றையெல்லாம் முறையாகச் சொல்ல உங்களிடம் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். கால் பக்கம் ஒதுக்கினால் போதும். முதல் வாரத்துக்கான கேள்வியை நானே அனுப்புகிறேன்: சாட்சி கையெழுத்தையும் ஜாமீன் கையெழுத்தையும் ஒரு தாளில் எந்தெந்த வார்த்தைகளை வைத்து அடையாளம் காண்பது?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட், உங்கள் வாசகி