பணம் வேண்டாம் பாப்பா, பூவே அனுப்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதை நினைத்துக்கொண்டேதான் படுத்தேன். "இனிமே பூவெல்லாம் ஆர்டர் பண்ண மாட்டேம்மா, பணமா போட்டுடறேன், வேணுங்கறத வாங்கிக்கோங்க" என்றாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பணம் வேண்டாம். பூவே அனுப்பு. ஆனால் போன தடவை மாதிரி அனுப்பாதே.

மே மாதம் எங்கள் கல்யாண நாளுக்கு நீ அனுப்பிய பன்னிரண்டு ரோஜாவும் என்ன ஆனது என்று உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. "வந்துச்சு பாப்பா, நல்லா இருந்துச்சு" என்று முடித்துவிட்டேன். அப்பாதான் அப்புறம் உளறிவிட்டார்.

நடந்தது இதுதான். பூ கொண்டு வந்த பையன் பதினொன்றரை மணிக்கு வந்திருக்கிறான். நீ கொடுத்தது அப்பா நம்பர். அவர் பேங்கில் உட்கார்ந்திருந்தார், போன் சைலண்டில். நம் லேஅவுட் உனக்குத் தெரியும். பாதி மனை இன்னும் காலி, சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. குறுக்குத் தெரு போர்டெல்லாம் எப்போதோ விழுந்துவிட்டது. மதியம் ஆனால் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது, வழி கேட்கவும் ஒருவரும் இல்லை. மேப்பில் நம் வீடு மூன்றாவது குறுக்குத் தெருவில் காட்டியிருக்கிறது. அங்கே பூட்டிக் கிடக்கிற வீட்டின் கேட்டில் மாட்டிவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டான். உனக்கு 'டெலிவரி ஆகிவிட்டது' என்று மெசேஜ் வந்துவிட்டது. சாயங்காலம் ஐந்தரைக்கு மாடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மாதான் நின்று, "ஒரு பூங்கட்டு அந்தண்ட கேட்டுல தொங்குதே, உங்களுதா?" என்று கேட்டார்.

மே மாத வெயில், ஆறு மணி நேரம். கண்ணாடித்தாளுக்கு உள்ளே ஆவி பிடித்து இலையெல்லாம் ஒட்டிக் கிடந்தது. வெளி இதழ்களின் ஓரம் கறுத்துவிட்டது. பன்னிரண்டும் கழுத்து முறிந்த மாதிரி தலை தொங்கிக் கிடந்தன. பாகலூர் பக்கம் பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸ் தோட்டத்து ஷெட்டில் பதினோரு வருஷம் ரோஜா தரம் பிரித்தவள் நான். எத்தனை லட்சம் பூ இந்தக் கையில் போயிருக்குமோ. அந்தக் கட்டைப் பிரித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ அனுப்பியது என்பதற்காக மட்டும் இல்லை.

அப்பா தூக்கிப் போடச் சொன்னார். நான் விடவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்து, ஒவ்வொரு காம்பையும் தண்ணீருக்குள் வைத்தே அடியில் ஒரு அங்குலம் சாய்வாக நறுக்கினேன். தண்ணீர் இல்லாமல் கிடந்த காம்பில் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும், பூவுக்குத் தண்ணீர் ஏறாது. தலை தொங்குவது அதனால்தான். வெளியே வைத்து வெட்டினால் மறுபடி காற்றுதான் ஏறும். பிறகு கீழ் இலைகளை உருவிவிட்டு, தலைகள் நிமிர்ந்து நிற்கும்படி பழைய பேப்பரைச் சுற்றி, கழுத்தளவு தண்ணீரில் இருட்டு அறையில் வைத்தேன். ராத்திரி ஒன்பது மணிக்குப் பேப்பரைப் பிரித்தால் ஏழு பூ நிமிர்ந்திருந்தது. அந்த ஏழும் நான்கு நாள் ஹாலில் இருந்தன. உனக்கு அனுப்பிய போட்டோவில் இருந்தது அந்த ஏழுதான். மீதி ஐந்து எங்கே என்று நீயும் கேட்கவில்லை.

தப்பு பூவின் மேல் இல்லை, உன் மேலும் இல்லை. நெட்டில் பூ விற்கிற பல பேருக்குச் சொந்தமாகத் தோட்டமும் கிடையாது, கடையும் கிடையாது. ஆர்டரை வாங்கி அந்தந்த ஊர்க் கடைக்காரருக்குத் தள்ளிவிடுவார்கள். ஆள் இல்லாத ஊர் என்றால் பெரிய ஊரிலிருந்து பெட்டியில் கட்டி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். உன் பூவின் மேல் பெங்களூர்க் கடை ஸ்டிக்கர் இருந்தது. பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 90 கிலோமீட்டர் தண்ணீர் இல்லாமல் வந்திருக்கிறது. நம்மிடமிருந்து ஓசூர் அதில் பாதி தூரம்தான். சுமார் 900 மீட்டர் உயரத்து ஊர், குளிர்ச்சிக்கு ரோஜா அப்படி வரும். தளி, பாகலூர், பேரிகை, கெலமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் பாலிஹவுஸ்தான். பிப்ரவரி 14-க்கு வெளிநாட்டுக்குப் போகிற தாஜ்மஹால் சிவப்பு ரோஜாவுக்கு டிசம்பரிலேயே செடியைக் கவாத்து பண்ணி நாள் எண்ணுவோம். விடியற்காலையில் மொட்டாக வெட்டி, உடனே வாளித் தண்ணீரில் நிறுத்தி, குளிர் அறையில் வைத்து, காம்பு நீளம் பார்த்து இருபது இருபதாகக் கட்டுவோம். நீ அங்கே நெதர்லாந்தில் ஆல்ஸ்மீர் பூ ஏலத்துக்குப் போய் வீடியோ அனுப்பினாயே, அதைப் பத்து தடவையாவது பார்த்திருப்பேன். ஏலக் கடியாரத்தில் விலை மேலிருந்து கீழே இறங்குவதை அப்பா வாய் பிளந்து பார்த்தார். நான் பார்த்தது வாளியை. ரயில் மாதிரி இழுத்துக்கொண்டு போகிற அந்த வண்டிகளில்கூடப் பூ தண்ணீரிலேயே நின்றுகொண்டு போகிறது. அந்த மரியாதைதான் பூவுக்கு வேண்டும்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்துக்கு எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்கு ஏதாவது அனுப்ப வேண்டும் என்றாயே. பத்தாவதில் உனக்குக் கணக்கு வந்ததே அவரால்தான். அவருக்குப் பணமா அனுப்ப முடியும்? பூதான் அனுப்ப வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் உனக்கு ஒன்று தெரிய வேண்டும்.

தை மாதம் டீச்சரம்மா வீட்டுக்காரர், நம் சார், காலமானபிறகு நம் பூக்காரம்மா அவர் வீட்டு வாசலில் நிற்கவே இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த மொபெட்டில் கூடையைக் கட்டிக்கொண்டு வருவார், ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு ஹாரன். டீச்சரம்மா கேட் வந்தால் மட்டும் ஹாரனும் இல்லை, வேகமும் குறையாது. இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. கேட்டேன். "எப்பிடிம்மா நிக்கறது? இருவது வருசமா அந்தம்மாவுக்கு ரெண்டு முழம் நறுக்கிக் குடுத்த கை. இப்ப போய் நின்னா அவங்க மனசு என்ன பாடு படும்?" என்றார். கல் நெஞ்சு இல்லை அவருக்கு. பதில் சொல்ல எனக்கும் தெரியவில்லை.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை நானே ஒரு படி உதிரி மல்லி வாங்கி, வாழை இலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனேன். போகும்போதே பயம்தான், தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று. டீச்சரம்மா பொதியைப் பிரித்து, ஒன்றும் பேசாமல் இரண்டு கையாலும் அள்ளி முகத்தை அதில் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். அப்புறம் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, பாதியை சார் படத்துக்கு முன்னால் வைத்தார். மீதியை ஒரு தட்டில் பரப்பி, தான் பேப்பர் படிக்கிற நாற்காலி பக்கத்தில் வைத்துக்கொண்டார். "தலையில வைக்கிறதுக்கு மட்டுமா பூ? இந்த வாசனையக் கேட்டு ஆறு மாசமாச்சு" என்றார். நான் மறுநாளே அதை அப்படியே பூக்காரம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு அந்தக் கேட்டில் ஹாரன் கேட்டது. இப்போது தினமும் கேட்கிறது.

இதெல்லாம் எந்தக் கம்பெனிக்குத் தெரியும் பாப்பா? அவர்களிடம் விலாசம் இருக்கும், 635001 என்று பின்கோடு இருக்கும். எந்த வீட்டில் எந்தப் பூவை எப்படிக் கொடுக்க வேண்டும் என்பது இந்தத் தெருவில் தினமும் வந்து போகிறவருக்குத்தான் தெரியும்.

அதனால் பூக்காரம்மாவிடமே சொல்லிவை. நம்பர் தனியாக அனுப்புகிறேன். எழுத்தாக அனுப்பாதே, படிக்க அவர் கண்ணுக்குச் சிரமம். வாய்ஸ் மெசேஜ் போடு, "டீச்சரம்மா எதிர்வீட்டுப் பாப்பா பேசறேன் அக்கா" என்று சொன்னாலே தெரியும். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குள் சொல்லிவிட வேண்டும், அங்கே உனக்கு அப்போது மாலை நாலரை. ஓசூரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் பூ போட்டுவிடுவார்கள், அதில் சொல்லி எடுத்துக்கொள்வார். ஆனால் செப்டம்பர் 5-க்கு ஒரு வாரம் முன்னாலேயே ஒரு தடவை சொல்லிவிடு. ஆடி முழுக்கக் கல்யாணம் இல்லை, வெள்ளிக்கிழமையும் பதினெட்டாம் பெருக்கும் போக மற்ற நாளில் பூ சல்லிசு. ஆவணி பிறந்தால் முகூர்த்தம், பிள்ளையார் சதுர்த்தி, ஓணம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஓணத்துக்கு ராயக்கோட்டை, ஓசூர்ப் பக்கத்து சாமந்தியும் செண்டுமல்லியும் லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போய்விடும். அந்த நாளில் கேட்டால் அவரும் என்ன செய்வார்.

என்ன பூ என்றால், காம்போடு பத்து ரோஜா. சிவப்பு வேண்டாம், வெளிர் மஞ்சளோ ஆரஞ்சோ சொல்லு. பாதி விரிந்த மொட்டாக இருக்கட்டும். கண்ணாடித்தாளில் சுற்றக் கூடாது, பேப்பர் போதும், அடிக்காம்பில் ஈரத்துணி சுற்றச் சொல்லு. அதோடு ஒரு படி உதிரி மல்லி. மல்லி மட்டும் சாயங்காலம் வரட்டும். காவேரிப்பட்டணம் பக்கத்தில் விடியலில் பறித்த மொட்டு ஏழு மணிக்கு மேல்தான் வாய் திறக்கும். ரோஜாவைக் காலையிலேயே கொடுத்துவிடலாம், டீச்சரம்மா எழுந்து காபி குடித்துவிட்டு வாசலுக்கு வருகிற நேரம். பழத்தட்டுப் பக்கத்தில் ஜாடியை வைக்க வேண்டாம், வாழைப்பழம் பக்கத்தில் இருந்தால் பூ சீக்கிரம் கொட்டிவிடும் என்று நான் அவரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

விலையில் பேரம் பேசாதே. 2020 ஊரடங்கில் கோயிலும் இல்லை கல்யாணமும் இல்லை என்று பூவைக் குப்பையில் கொட்டினார்களே, அந்த மாதங்களில் இந்த அம்மா கூடையோடு வந்து, விற்காததை எல்லா வீட்டு சாமி படத்துக்கும் சும்மா கொடுத்துவிட்டுப் போனார். பணத்தை நான் கொடுத்துவிடுகிறேன், நாம் அப்புறம் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வரி உன் கையாலேயே எழுதி போட்டோ எடுத்து அனுப்பு. முக்குக் கடையில் பிரிண்ட் போட்டு ரோஜாவோடு வைக்கிறேன். "உங்கள் மாணவி" என்று எழுது, பேர் போடாதே. உன் கையெழுத்து அவருக்குத் தெரியும், கணக்கு நோட்டில் எத்தனை தடவை திருத்தியிருக்கிறார்.

அப்புறம் எனக்கு என்ன அனுப்புவது என்று யோசித்தால், புரட்டாசியில் என் பிறந்தநாள் வருகிறது. கனகாம்பரம் ஒரு முழம், மல்லி இரண்டு முழம் சேர்த்துக் கட்டியது. பூக்காரம்மாவிடம் நீயே சொல்லிவிடு, நான் தெரியாதது மாதிரி இருந்துகொள்கிறேன்.

சாப்பிடு நேரத்துக்கு. அப்பா கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் அம்மா
கிருஷ்ணகிரி