'போல' என்ற சொல்லைத் தேடும் பிள்ளைகள்: தமிழ் வினாத்தாள் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

பத்தாம் வகுப்புத் தமிழ் வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் அமைக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

திருப்புதல் காலம் வந்துவிட்டால் அணி இலக்கணத்துக்குப் பெரும்பாலும் ஒரு பாடவேளைதான் கிடைக்கிறது. கரும்பலகையில் அணியின் பெயர், அதற்கு இரண்டு வரி இலக்கணம், ஒரு குறள், கீழே 'உவமை, உவமேயம், உவம உருபு' (ஒப்புக் காட்டுவது, ஒப்பிடப்படுவது, இரண்டையும் இணைக்கும் 'போல' போன்ற சொல்) என்று மூன்று வரி. பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள், மனப்பாடம் செய்கிறார்கள், மறுநாள் சிறுதேர்வில் ஒப்பிக்கிறார்கள். புத்தகத்தில் இல்லாத ஒரு குறளைக் கொடுத்தால் கை நின்றுவிடுகிறது. இதற்கு ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. 'பயின்றுவரும் அணியைச் சுட்டுக', 'அணியை விளக்கி எடுத்துக்காட்டுத் தருக' என்று வினாத்தாள் கேட்கும்வரை வகுப்பும் அப்படித்தான் நடக்கும். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

ஒரு குறளைப் பாருங்கள்.

வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும்
கோலொடு நின்றான் இரவு (552)

'போலும்' கண்ணில் படுகிறது. உவமை அணி என்று எழுதினால் முழு மதிப்பெண். எழுதிய பிள்ளை வேலொடு நின்றவனை முருகன் என்றும் இரவை ராத்திரி என்றும் நினைத்திருக்கலாம். விடைத்தாளில் அது தெரியப்போவதில்லை. வேலோடு நிற்பவன் வழிப்பறிக்காரன். கோலோடு நிற்பவன் அரசன். இரவு என்றால் இரத்தல், கேட்டு வாங்குதல். அதிகாரம் கொடுங்கோன்மை. அரசன் குடிகளிடம் பொருள் கேட்பதைக் காட்டுவழியில் 'எடு, வை' என்று மிரட்டுவதோடு ஒப்பிட்டுப் பார்க்கிற அந்தச் சூடு துளியும் உறைக்காமலே அணியின் பெயரைச் சரியாக எழுதிவிட முடிகிறது.

சரி, 'போல' தேடுவதாவது நம்பகமான வழியா என்றால் அதுவும் இல்லை. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும் இடத்தில் சிலப்பதிகாரம் சொல்வது:

போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி
'வாரல்' என்பனபோல் மறித்துக்கை காட்ட

இங்கும் 'போல்' இருக்கிறது. திருப்புதலில் அரைகுறையாகப் படித்த பிள்ளை உவமை என்று எழுதுவது இங்கேதான். கோட்டைமேல் கொடி காற்றில் அசைவது தானாக நடப்பது. 'வராதீர்கள்' என்று அது கைகாட்டித் தடுப்பதாகச் சொல்வது கவிஞர் தம் கருத்தை அதன்மேல் ஏற்றியது. ஆகவே தற்குறிப்பேற்றம். பிள்ளை கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டே கேள்விகள்: இது இயல்பாக நடப்பதா? நடப்பதற்கு வேறொரு காரணத்தைக் கவிஞர் சொல்கிறாரா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் 'போல்' இருந்தாலும் அது தற்குறிப்பேற்றம்தான்.

மறுபக்கமும் உண்டு. 'கனியிருப்பக் காய்கவர்ந் தற்று' (100) என்பதில் 'போல' இல்லை. உருபு மறைந்துவிட்டது என்று எண்ணி எடுத்துக்காட்டு உவமை (உருபு இல்லாமல் உவமையும் பொருளும் அடுத்தடுத்து நிற்பது) என்று எழுதுகிறார்கள். 'அற்று' என்பதே அங்கே உவம உருபு. எனவே அது உவமை அணி. நன்னூல் போல, புரைய, ஒப்ப, உறழ என்று தொடங்கி 12 உருபுகளைச் சொல்லிவிட்டு 'பிறவும்' என்று முடிக்கிறது. நம் வகுப்புகளில் 12 மனப்பாடமாகிறது, 'பிறவும்' விட்டுப்போகிறது.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது இலக்கணக் குறைபாடு அன்று, வாசிப்புக் குறைபாடு. வெண்பா சீர் பிரித்து அச்சிடப்படுகிறது. சீர் ஓசைக்காகப் பிரிவது, பொருளுக்காக அன்று. 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' (396) என்று கண்ணால் படிக்கும் பிள்ளைக்குத் 'தூறும்' என்பது மழைத்தூறலாகத் தெரிகிறது. தொட்ட அனைத்து ஊறும்: தோண்டிய அளவுக்கு ஊறும். 'தொட்ட' என்றால் தோண்டிய; விரலால் தொடுவது அன்று. இந்த இரண்டு முடிச்சும் அவிழ்ந்தால்தான் 'கற்ற அனைத்து ஊறும் அறிவு' என்ற மறுபாதி தானாக வந்து பக்கத்தில் நிற்கும். நடுவே உருபு இல்லை என்பதும் அப்போதுதான் தெரியும். எடுத்துக்காட்டு உவமைக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' (475) இன்னும் மோசம். சாகாடு என்பது வண்டி. பிள்ளைகள் சாக்காடு என்று படித்துச் சாவுக்குப் போய்விடுகிறார்கள். 'பெய்' என்றதும் மழை. 'அச்சிறும்' என்பதை அச்சு இறும் என்று பிரிக்காமல் அச்சத்தோடு ஒட்டுகிறார்கள். மயிலிறகு ஏற்றிய வண்டியே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்ற படம் மனத்தில் விழாத பிள்ளையிடம் 'பிறிது மொழிதல் அணி' என்ற பெயரைக் கொடுத்து என்ன பயன்? குறளில் பகை பற்றி ஒரு சொல்லும் இல்லை. எளியவர்கள்தானே என்று பலரைப் பகைத்துக்கொள்ளும் அரசனைப் பற்றியது என்பது நாம் உய்த்துணர வேண்டியது. சொல்லப்பட்டது எது, சொல்லாமல் விட்டது எது என்று தெரிவதே அந்த அணி.

திருப்புதல் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் நாளையே செய்து பார்க்கக்கூடிய முறை ஒன்று உண்டு. ஒரு பாடவேளைக்கு மூன்று குறள் போதும். ஐந்து வைத்தால் கடைசி இரண்டும் ஒப்பித்தலாகிவிடும். குறளுக்கு மேல் அணியின் பெயரை எழுதவே கூடாது. 'உவமை அணி' என்று தலைப்பிட்டு மூன்று உவமைகளைக் கொடுத்தால் பிள்ளை கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? மூன்றும் மூன்று அணியாக, கலந்து இருக்கட்டும். முதலில் சீர் பிரிந்தபடி ஒருமுறை உரக்கப் படிக்க வேண்டும். பிறகு சொல் பிரித்து ஒருமுறை. அடுத்து வினையைத் தேட வேண்டும்: யார், என்ன செய்தார், எதை? அதன்பின் நோட்டில் நடுக்கோடு போட்டு இடப்பக்கம் உவமை, வலப்பக்கம் பொருள். இதற்கே கால்மணி நேரம் ஆகும், ஆகட்டும். பெயர் கடைசியில். நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம் காலியாக இருந்தால் பிறிது மொழிதல். இரு பக்கமும் நிரம்பி நடுவில் உருபு இல்லையென்றால் எடுத்துக்காட்டு உவமை. முதலில் ஒத்துப்போய்ப் பின்னால் பிரிந்தால் வேற்றுமை: தீயும் சுடும், நாவும் சுடும், தீச்சுட்ட புண் உள்ளே ஆறும், நாவால் சுட்ட வடு ஆறாது.

ஒப்புமை எதில் என்று கேட்காமல் நகரக் கூடாது. தொல்காப்பியம் இதற்கு நான்கு கொக்கிகளைத் தருகிறது: வினை, பயன், மெய், உரு. புலிபோலப் பாய்ந்தான் என்பதில் ஒத்தது செயல். மாரி அன்ன வண்கையில் பயன். துடி போன்ற இடையில் வடிவம். பவளம் போன்ற வாயில் நிறம். குறுந்தொகையின் 40ஆம் பாட்டில் 'செம்புலப் பெயல்நீர் போல' என்றதும் பிள்ளைகள் நிறத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள், சிவப்பு என்றால் காதல் என்று. அங்கே ஒத்தது கலத்தல் என்ற வினை. செம்மண்ணில் விழுந்த மழைநீரை மறுபடி பிரித்தெடுக்க முடியாது. 'அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே' என்ற அடுத்த அடியிலேயே அந்த வினை இருக்கிறது. நான்கில் எது என்று கேட்டால் இந்தத் தவறு நேராது.

உருவகத்துக்குச் சொல்லின் வரிசையே போதும். மலர்முகம் உவமை, முகமலர் உருவகம். ஒன்றை உருவகமாக்கி, அதோடு தொடர்புடைய மற்றதை விட்டுவிடும் ஏகதேச உருவகத்தில்தான் சிக்கல். 'வையம் தகளியா வார்கடலே நெய்யாக' என்று பொய்கையாழ்வார் பாடும்போது உலகம் அகலாகிறது, கடல் நெய்யாகிறது, கதிரவன் விளக்காகிறான், ஒன்றும் விடுபடவில்லை. 'பிறவிப் பெருங்கடல்' (10) என்ற குறளில் பிறவி கடலாயிற்று. இறைவன் அடி தெப்பமாகவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் 'ஏகதேசம்' என்ற சொல் தானே விளங்கும். சொற்களை வரிசையாக வைத்து அவற்றுக்கான பொருளையும் அதே வரிசையில் தரும் நிரல்நிறைக்கு இரண்டு அம்புக்குறி போதும். ஒரு சொல் பாட்டின் பல இடங்களோடும் சேர்ந்து பொருள் தருவது தீவகம்; அதற்குக் காட்டும் 'சேந்தன' என்று தொடங்கும் பாட்டில் அச்சொல்லுக்குச் சிவந்தன என்று தெரிந்துவிட்டால் கண், தோள், திசை, அம்பு, பறவை எல்லாம் வரிசையாகச் சிவந்துவிடும். அங்கெல்லாம் நேரத்தைக் கொட்ட வேண்டாம்.

உரைப்பத்தி வினாவுக்கும் இதே நோய்தான். வினாவில் உள்ள ஒரு சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதுகிறார்கள். நாம் கேட்கும் வினாக்கள் அதை அனுமதிக்கின்றன. இப்படி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்: 'கார்த்திகை பிறந்துவிட்டது. மடைக்காரரின் மண்வெட்டியில் துரு ஏறியிருந்தது.' மண்வெட்டியில் என்ன ஏறியிருந்தது என்று கேட்டால் யாரும் எழுதுவார்கள். கண்மாயில் (பாசன ஏரியில்) அந்த ஆண்டு தண்ணீர் வந்ததா, அது எந்தச் சொற்களால் தெரிகிறது என்று கேட்டால் கார்த்திகை மழைக்காலம் என்பதையும், துரு ஏறியது மடை திறக்கும் மண்வெட்டிக்கு வேலையில்லாததால் என்பதையும் பிள்ளை சேர்த்துப் பார்த்தாக வேண்டும். ஐந்து வினாக்களில் குறைந்தது இரண்டு இந்த வகையில் இருக்கட்டும்.

அணிக்கு நாங்கள் கேட்பது நான்கு மதிப்பெண் வினா ஒன்று. பாடநூலில் இல்லாத ஒரு குறளைக் கொடுத்து, அருஞ்சொல் இருந்தால் பொருளையும் கீழே தந்து, (அ) சொல் பிரித்து எழுதுக, (ஆ) எதனோடு எது ஒப்பிடப்படுகிறது, (இ) இரண்டும் எதில் ஒக்கின்றன, (ஈ) அணியின் பெயர் என்ன என்று பகுதிக்கு ஒரு மதிப்பெண்ணாகக் கேளுங்கள். மெல்லக் கற்கும் பிள்ளைக்கும் இதில் ஒன்றிரண்டு கிடைக்கும். இப்போது பெயர் தவறினால் எல்லாம் போய்விடுகிறது. விடைக்குறிப்பில் (இ) பகுதிக்கு ஒரே வாக்கியத்தை அச்சிடாதீர்கள். 'பொருத்தமான காரணம் எழுதியிருந்தால் மதிப்பெண் வழங்குக' என்று ஒரு வரி சேருங்கள். பிறவிப் பெருங்கடலுக்கு 'உருவகம்' என்று மட்டும் எழுதி, தெப்பம் சொல்லப்படவில்லை என்று காரணத்தில் குறித்திருக்கும் பிள்ளைக்குப் பெயரில் ஒரு மதிப்பெண் குறையலாம். மற்ற மூன்றும் சேர வேண்டும்.

முதலில் ஒரு திருப்புதல் தேர்வில் மட்டும் வைத்துப் பாருங்கள். பொதுத்தேர்வுக்குக் கொண்டுபோவது பற்றி, திருத்திய விடைத்தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.

இப்படிக்கு,
தமிழ் கற்பிப்போர் சிலர்